மருத்துவர் ஐடா ஸ்கடர்: திண்டிவனத்தில் பிறந்த உறுதியும் பாதுகாப்பான மயக்க மருத்துவமும்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் நிறுவிய மருத்துவர் ஐடா சோபியா ஸ்கடர் (1870–1960) தமிழ்நாட்டின் மருத்துவ வரலாற்றில் நிலையான இடம் பெற்றவர். அவருடைய பணிக்களம் வேலூராக அமைந்தது. எனினும், மருத்துவம் பயில வேண்டும் என்ற முடிவை அவர் எடுத்த ஊர் இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திண்டிவனமாகும். பேறுகாலத்தில் தாய்மார்கள் உயிரிழப்பதைத் தடுப்பதே அம்முடிவின் நோக்கம்.

இப்பக்கம் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறுகிறது. அவர் காலத்தில் மயக்க மருந்து எவ்வாறு கொடுக்கப்பட்டது, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தும் முறை எவ்வாறு வளர்ந்தது, இன்று பயன்படும் வீடியோ லாரிங்கோஸ்கோப் கருவி பிரசவ அறுவை சிகிச்சையில் எவ்வாறு உதவுகிறது என்பனவும் விளக்கப்படுகின்றன.

பிறப்பும் குடும்பமும்

ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை மருத்துவர் ஜான் ஸ்கடர், தாய் சோபியா. ஐடாவின் பாட்டனாரும் ஜான் ஸ்கடர் என்னும் பெயருடையவரே. அவர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். பின்னர் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர்கள் பலரும் அன்றைய ஆர்க்காடு மாவட்டங்களில் சமயப் பணியும் மருத்துவப் பணியும் புரிந்தனர்.

ஐடாவின் சிறுவயதில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசியால் வாடிய குழந்தைகளையும் வழியோரங்களில் மாண்டவர்களையும் அவர் நேரில் கண்டார். பின்னர் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் பயின்றார். மீண்டும் இந்தியாவில் வாழும் எண்ணம் அவருக்கு அப்போது இருந்ததில்லை. மூன்று தலைமுறைகளாகத் தம் குடும்பம் செய்துவந்த பணியிலிருந்து விலகி, அமெரிக்காவிலேயே தமக்கென ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளவே அவர் விரும்பினார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890-இல் தாயாரின் உடல்நலம் குன்றியது. அவருக்குத் துணையாக இருப்பதற்காக ஐடா திண்டிவனம் வந்தார். அக்காலத்தில் திண்டிவனம் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே அவருடைய தந்தை மருத்துவராகப் பணியாற்றி வந்தார். தாயார் குணமடைந்ததும் அமெரிக்கா திரும்புவது என்பதே ஐடாவின் திட்டம்.

அவ்வாறு தங்கியிருந்த நாள்களில் ஓரிரவு, மூவர் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் இல்லத்தின் வாயிலுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் பிராமணர்; ஒருவர் இஸ்லாமியர்; மற்றொருவரும் உயர்குலத்தவராகக் கருதப்பட்ட இந்து. மூவருடைய மனைவியரும் பிள்ளைப்பேற்றில் துன்புற்றுக்கொண்டிருந்தனர். உதவிக்கு ஒரு பெண் வரவேண்டும் என்று மூவரும் வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையை அழைத்துச் செல்லுமாறும், தாமும் உடன் வருவதாகவும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்களைத் தொட்டு மருத்துவம் செய்வதை வழக்கம் அனுமதிக்காது என்பதால் மூவரும் அதனை ஏற்கவில்லை; திரும்பிச் சென்றனர்.

மறுநாள் காலை சாவுப்பறை ஒலி கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்பது தெரிந்தது. மருத்துவர் ஒருவர் அவ்வூரிலேயே இருந்தார். ஆயினும் அவருடைய உதவி அம்மூன்று வீடுகளுக்கும் சென்று சேரவில்லை. இந்நிகழ்ச்சி ஐடாவின் மனத்தை முற்றிலும் மாற்றியது. மருத்துவம் பயின்று இந்நாட்டிற்கே திரும்புவது என்று அவர் முடிவு செய்து, அதனைப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

தடைபட்ட பிரசவம் உயிரைப் பறிக்கும் வழிகள் சில. குழந்தை வெளிவர இயலாமல் நீண்ட நேரம் தங்கினால் கருப்பை கிழியலாம். பேறுக்குப் பின் கட்டுப்படாத இரத்தப்போக்கு ஏற்படலாம். கிருமித்தொற்று உடலெங்கும் பரவலாம். இரத்த அழுத்தம் கூடி வலிப்பு வரலாம். இவற்றுள் பலவற்றிற்கு உரிய நேரத்தில் செய்யப்படும் அறுவை சிகிச்சையே தீர்வு. அறுவை சிகிச்சைக்கோ பாதுகாப்பான மயக்கம் இன்றியமையாதது.

மருத்துவக் கல்வி

1895-இல் ஐடா ஸ்கடர் பிலடெல்பியா நகரிலிருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டது. மருத்துவமனைப் பயிற்சி அங்கு விரிவாகக் கிடைக்கும் என்பதால் இறுதி ஆண்டில் அக்கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்கள் குழுவில் அவரும் ஒருவர்.

இந்தியா புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை அமைப்பதற்கு நிதி திரட்டினார். நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். தோழி ஆனி ஹான்காக்குடன் ஐடா 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார்.

வேலூரில் தொடங்கிய பணி

தந்தையிடம் சில ஆண்டுகள் அனுபவம் பெற்றபின் தனித்துப் பணியாற்றலாம் என்று ஐடா எண்ணியிருந்தார். ஆனால் அவர் வந்த சில மாதங்களிலேயே தந்தை காலமானார். வழிகாட்ட மூத்த மருத்துவர் எவரும் இல்லாத நிலையில், வேலூரில் தாம் தங்கியிருந்த பங்களாவின் ஓர் அறையிலேயே மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். அங்கே இருந்தது ஒரே ஒரு படுக்கை.

தொடக்கத்தில் மக்கள் தயங்கினர். இளம்பெண் ஒருவர் மருத்துவம் செய்வார் என்பதையே பலரும் நம்பவில்லை. நோய் முற்றி, வேறு வழியில்லை என்ற நிலையிலேயே நோயாளிகள் கொண்டுவரப்பட்டனர். ஆனால் நோயாளிகளுள் சிலர் குணமடைந்ததும் செய்தி ஊர்தோறும் பரவியது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு அவர் மருத்துவம் பார்த்தார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று அக்கல்லூரியின் கண் மருத்துவமனை இயங்குகிறது.

அம்மருத்துவமனையில் அப்போது அவர் ஒருவரே மருத்துவர். பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை. வீட்டுப் பணியாளரின் மனைவியான சலோமி என்னும் பெண்மணியையே பழக்கி, அறுவை சிகிச்சையின்போது துணைக்கு வைத்துக்கொண்டார். அறுவை செய்பவர் ஒருவர், நோயாளியின் மூச்சைக் கவனிப்பவர் மற்றொருவர் என்ற பிரிவு இல்லாத இடங்களில் அறுவை சிகிச்சை எத்துணை இடர் நிறைந்ததாக இருந்தது என்பதை இன்று எண்ணிப் பார்ப்பதே கடினம்.

அக்கால மயக்க மருந்து

அறுவை சிகிச்சையில் ஈதர் பயன்படும் என்பது 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது கல்கத்தாவில் பயன்படுத்தப்பட்டது. 1847-இன் இறுதியில் எடின்பரோ மருத்துவர் சிம்சன் குளோரோஃபார்மைப் பிரசவ வலியைத் தணிக்கப் பயன்படுத்தினார். இவ்விரு மருந்துகளும் இந்திய மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகள் வழக்கிலிருந்தன. குளோரோஃபார்ம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு விடை காண 1888-இலும் 1889-இலும் ஐதராபாத்தில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்நகரில் பயிற்சி பெற்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்னும் பெண் மருத்துவர் மயக்க மருத்துவத்தையே தம் தொழிலாகக் கொண்டு பெயர் பெற்றார்.

கொடுக்கும் முறை எளியது. கம்பி வலைக் கூட்டின்மேல் துணியைப் போர்த்தி, நோயாளியின் மூக்கும் வாயும் மூடுமாறு வைத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவர். நோயாளி தாமே மூச்சு விட்டபடி மயக்கத்தில் ஆழ்வார். இம்முறையில் மூன்று ஆபத்துகள் இருந்தன.

• மயக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்னோக்கிச் சரிவதால் மூச்சுப்பாதை அடைபடும்.
• இரைப்பையில் உள்ள உணவும் அமிலமும் மேலெழுந்து நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.
• மருந்தின் அளவு சற்றே கூடினாலும் மூச்சோ இதயத் துடிப்போ நின்றுவிடக்கூடும்.

முதலிரண்டு ஆபத்துகளையும் தவிர்ப்பதற்குச் சிறந்த வழி, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி, அதன் வழியே காற்றையும் மயக்க வாயுவையும் கொடுப்பதாகும். அதற்குக் குரல்வளையைக் கண்ணால் காண வேண்டும். குரல்வளையோ நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் மறைந்துள்ளது.

குரல்வளையைக் கண்ட வரலாறு

உயிருள்ள மனிதனின் குரல்வளை இயங்குவதை முதன்முதலில் தெளிவாகக் கண்டு விளக்கியவர் ஒரு மருத்துவர் அல்லர், இசையாசிரியர். ஸ்பெயின் நாட்டில் பிறந்த மானுவேல் கார்சியா, 1854-இல் ஒரு சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சித் தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு இலண்டன் இராயல் சொசைட்டியில் இது குறித்த அவருடைய கட்டுரை முன்வைக்கப்பட்டது.

கண்ணாடியில் தெரிவது பிம்பமே. குரல்வளையை நேராகக் காணும் கருவியை 1895-இல் பெர்லின் மருத்துவர் கிர்ஸ்டைன் உருவாக்கினார். ஐடா ஸ்கடர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டும் அதுவே. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, முகத்தின்மேல் முகமூடி வைத்து மயக்க மருந்து கொடுக்க இயலவில்லை. இங்கிலாந்து மருத்துவர்கள் மெகிலும் ரோபாதமும் அவர்களுக்கு மூச்சுக்குழாய் வழியாக மயக்கம் கொடுக்கும் முறையை வளர்த்தனர். 1943-இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் மேக்கின்டாஷ் வளைந்த அலகு கொண்ட லாரிங்கோஸ்கோப்பை அறிமுகப்படுத்தினார். உலகெங்கும் அறுவை அரங்குகளில் இன்றும் அவ்வடிவமே பெரிதும் பயன்படுகிறது.

இதே காலத்தில் பிரசவத்தின்போது மயக்கம் கொடுப்பதன் தனி ஆபத்தும் புலப்பட்டது. 1946-இல் நியூயார்க் மருத்துவர் மெண்டல்சன், 44,016 கருவுற்ற பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து, மயக்கத்தின்போது இரைப்பைப் பொருள் நுரையீரலுக்குள் சென்ற 66 நிகழ்வுகளை வெளியிட்டார். பிரசவ வேளையில் வெறும் வயிற்றின் தேவையும், மூச்சுக்குழாயைக் காக்க வேண்டிய அவசியமும் இதன்பின் மருத்துவ உலகில் வலுவாக உணரப்பட்டன.

செவிலியரும் பெண் மருத்துவர்களும்

ஒருவர் தனித்து எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்ற கேள்வி ஐடாவை நெடுநாள் வருத்தியது. முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று, சாலையோர மரநிழலில் நோயாளிகளைப் பார்த்தார். வாரந்தோறும் அதே நாளில் அதே இடத்தில் மக்கள் காத்திருந்தனர். வேலூரிலும் நோயாளிகள் பெருகினர். வேலை பெருகப் பெருக, தம்மைப் போன்ற பெண்கள் பலர் உருவாக வேண்டும் என்ற எண்ணம் அவருள் வலுப்பெற்றது.

1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. ஆறு மாணவியர் கிடைத்தாலே தொடங்கலாம் என்று மாகாண மருத்துவத் துறைத் தலைவர் ஐயத்துடன் ஒப்புதல் அளித்திருந்தார். வந்தவையோ 151 விண்ணப்பங்கள். சேர்க்கப்பட்டவர்களுள் 14 பேர் 1922-இல் தேர்ச்சி பெற்று வெளியேறினர். மாகாணம் முழுவதற்குமான அத்தேர்வில், ஆண்களுக்கான பள்ளிகளின் மாணவர்களோடு போட்டியிட்டு இவர்கள் பெற்ற வெற்றி பெரிதும் பேசப்பட்டது. திண்டிவனத்தில் அன்று வாயிலுக்கு வந்தவர்கள் கேட்டது ஒரு பெண்ணின் உதவியை. அத்தகைய உதவியைத் தரவல்ல பெண்கள் இப்போது ஆண்டுதோறும் உருவாகத் தொடங்கினர்.

நெருக்கடியும் மாற்றமும்

1930-களின் இறுதியில் ஒரு புதிய நெருக்கடி எழுந்தது. உரிமச் சான்றிதழ்க் கல்வியை நிறுத்திவிட்டு, பல்கலைக்கழகப் பட்டப் படிப்பை மட்டுமே நடத்துவது என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. கல்வித்தரத்தை உயர்த்துவதே அதன் நோக்கம். ஆனால் பட்டப் படிப்புக்கு வேண்டிய ஆய்வகங்களும் படுக்கைகளும் பேராசிரியர்களும் வேலூரில் போதிய அளவில் இல்லை. பள்ளி மூடப்படும் நிலை வந்தது.

70 வயதை எட்டிய ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். அப்போது வேறொரு சிக்கலும் எழுந்தது. ஆண் மாணவர்களையும் சேர்த்தால் கூடுதல் ஆதரவு கிடைக்கும் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. பெண்களுக்கென்றே நன்கொடை அளித்துவந்த அமைப்புகளைச் சேர்ந்த சிலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பெண்களுக்காகவே தொடங்கிய நிறுவனத்தின் அடிப்படையையே மாற்றுவதா என்ற கேள்வி ஐடாவுக்கும் எளியதன்று. இறுதியில், நிறுவனம் நிலைத்து நிற்பதே முதன்மையானது என்று கருதி அவர் மாற்றத்தை ஏற்றார். 1942-இல் பட்டப் படிப்பு தொடங்கியது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். 1946-இல் வேலூர்ச் செவிலியர் பள்ளியும் பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரியாக உயர்ந்தது.

அதே ஆண்டில் ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். சில ஆண்டுகளில் மருத்துவர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1940-களின் இறுதியில் பால் பிராண்ட் தொழுநோயாளர்களின் கைகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சையையும், ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையையும், ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவை சிகிச்சையையும் அங்கே வளர்த்தனர். மார்பைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையில் நுரையீரல் தானாக விரியாது. மூச்சுக்குழாயிலுள்ள குழாய் வழியாகவே காற்றைச் செலுத்த வேண்டும். சொட்டு மருந்தும் துணி முகமூடியும் இருந்த காலத்தில் பணி தொடங்கிய ஐடா, இத்தகைய அறுவை சிகிச்சைகள் தாம் நிறுவிய மருத்துவமனையிலேயே நடைபெறுவதைக் காணும் வரை வாழ்ந்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து, 1960 மே மாதத்தில் தம் 89-ஆம் வயதில் மறைந்தார். வேலூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிரசவ அறுவை சிகிச்சையும் மூச்சுப்பாதையும்

இன்று சிசேரியன் அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவை முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி, இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்தே நடைபெறுகின்றன. தாய் விழித்திருப்பார், தாமே மூச்சு விடுவார். ஆயினும் கடும் இரத்தப்போக்கு, வலிப்பினால் நினைவிழப்பு, இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைதல், குழந்தையை உடனடியாக வெளியே எடுக்க வேண்டிய அவசரம், முதுகில் போட்ட ஊசி பலனளிக்காமை ஆகிய நிலைகளில் முழு மயக்கம் தேவைப்படலாம். அப்போது மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தப்படுகிறது.

கருவுற்ற பெண்களுக்கு இது பிறரைவிடக் கடினம். காரணங்கள் பின்வருமாறு:

• கருவுற்ற காலத்தில் தொண்டையின் உட்சவ்வு வீங்கியிருக்கும். எளிதில் இரத்தம் கசியும். இரத்த அழுத்த நோய் இருப்பின் வீக்கம் மேலும் கூடும்.
• உடல் எடையும் மார்பகத்தின் பருமனும் கூடியிருப்பதால் கருவியை வாய்க்குள் செலுத்துவது சிரமமாகும்.
• நுரையீரலில் இருப்பாக உள்ள காற்று குறைவு. உடலின் ஆக்சிஜன் தேவை மிகுதி. ஆகவே, மூச்சு நின்றால் இரத்தத்தில் ஆக்சிஜன் விரைவாகக் குறையும்.
• பிரசவ வலியின்போது இரைப்பை மெதுவாகவே காலியாகும். உணவு மேலெழும் ஆபத்து அதிகம்.

முழு மயக்கத்தில் நடைபெறும் மகப்பேற்று அறுவை சிகிச்சைகளில் ஏறத்தாழ 390-இல் ஒருவருக்குக் குழாய் செலுத்தும் முயற்சி தோல்வியடைவதாக 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. அத்தகைய நிலையில் உயிர் காக்கும் மாற்று வழிகள் உள்ளன. எனினும், முதல் முயற்சியிலேயே குழாய் சரியாகச் சென்று சேர்வதே தாய்க்கும் சேய்க்கும் நலம்.

வீடியோ லாரிங்கோஸ்கோப் என்பது என்ன?

மேக்கின்டாஷ் முறையில் மருத்துவர் நோயாளியின் தலையை உரிய நிலையில் வைத்து, நாக்கை அலகால் ஒதுக்கித் தூக்கி, வாயிலிருந்து குரல்வளை வரை ஒரே நேர்க்கோட்டில் பார்க்க வேண்டும். வாய் சிறிதாகத் திறந்தாலோ, கழுத்து வளையாவிட்டாலோ, தாடை சிறிதாயிருந்தாலோ அந்நேர்க்கோடு கிட்டாது.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் அலகின் நுனிக்கு அருகே ஒரு சிறு கேமராவும் விளக்கும் பொருத்தப்பட்டுள்ளன. அவை காணும் காட்சி திரையில் தெரிகிறது. மருத்துவரின் கண் வாய்க்கு வெளியே இருந்தாலும், பார்வை நாக்கைக் கடந்து குரல்வளையின் அருகிலிருந்தே தொடங்குகிறது. இவ்வகைக் கருவிகள் 2001-ஆம் ஆண்டு முதல் பரவலாக விற்பனைக்கு வந்தன.

இதன் நன்மைகள்:

• குரல்வளை தெளிவாகத் தெரிகிறது. பெரியவர்களிடையே நடைபெற்ற 222 ஆய்வுகளை, 26,000-க்கும் மேற்பட்டோர் பற்றிய தரவுகளுடன், தொகுத்த 2022-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இக்கருவியால் தோல்வியுறும் முயற்சிகள் குறைவதாகக் கூறியது.
• மருத்துவர் காண்பதை உதவியாளரும் திரையில் காண்பதால், கழுத்தை எங்கே அழுத்த வேண்டும், எந்தக் கருவியை எடுத்துத் தர வேண்டும் என்பதை உடனே அறிந்து செயல்படலாம்.
• பயிற்சி பெறுவோருக்கு மூத்த மருத்துவர் திரையைப் பார்த்தே வழிகாட்டலாம்.

இதன் வரம்புகள்:

• இரத்தமும் சளியும் கேமராவை மறைக்கலாம். நுனியில் ஆவி படியலாம்.
• குரல்வளை நன்றாகத் தெரிந்தும் குழாய் உள்ளே செல்லாமல் தடைபடலாம். மிகுதியாக வளைந்த அலகைப் பயன்படுத்தும்போது குழாய்க்குள் வளைந்த கம்பி ஒன்று தேவைப்படும்.
• கருவி மட்டும் போதாது. தொடர்ந்த பயிற்சி வேண்டும்.
• குழாய் சென்ற இடம் மூச்சுக்குழாய்தானா என்பதை, வெளிவரும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளந்தே உறுதி செய்ய வேண்டும். திரையில் கண்ட காட்சி அதற்கு ஈடாகாது.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் கூற வேண்டியவை

மயக்கவியல் மருத்துவர் உங்களைப் பரிசோதிக்கும்போது வாயைத் திறக்கச் சொல்வதும், கழுத்தை அசைக்கச் சொல்வதும், பற்களைப் பார்ப்பதும் மூச்சுப்பாதையை மதிப்பிடுவதற்காகவே. அவரிடம் கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் தெரிவியுங்கள்.

• முன்பு மயக்க மருந்து பெற்றபோது குழாய் செலுத்துவதில் சிரமம் ஏற்பட்டதா என்பது. அது குறித்த சீட்டு இருப்பின் பத்திரமாக வைத்திருந்து காட்டவும்.
• ஆடும் பற்கள், கட்டுப்பற்கள், வாயை முழுமையாகத் திறக்க இயலாமை.
• கழுத்தில் கட்டி, தைராய்டு வீக்கம், தீக்காயத் தழும்பு, கழுத்து எலும்புத் தேய்மானம்.
• தூக்கத்தில் பலத்த குறட்டை, மூச்சு தடைபடுதல், ஆஸ்துமா.
• கடைசியாக உண்டதும் பருகியதும் எப்போது என்பது.

திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு முன் பொதுவாக 6 மணி நேரம் உணவும், 2 மணி நேரம் தண்ணீரும் தவிர்க்கப்படும். எனினும், உங்கள் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்றவும். வெறும் வயிற்றில் இருக்கும் பெண்ணைக் கண்டு இரக்கப்பட்டு உறவினர் காப்பியோ கஞ்சியோ கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தெரியாமல் கொடுத்திருந்தால் அதனை மறைக்காமல் கூறுங்கள்; மருத்துவர் அதற்கேற்ப மயக்க முறையை மாற்றிக்கொள்வார்.

குழாய் வைத்து மயக்கம் பெற்றவர்களுக்கு ஓரிரு நாள்கள் தொண்டை வலியோ குரல் கரகரப்போ இருக்கலாம். இது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். வலி கூடினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

விழுப்புரம் மாவட்டத் தாய்மார்களுக்கு

விழுப்புரம் மாவட்டம் 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையும் மகப்பேற்றுச் சேவை அளித்து வருகின்றன. 2018–20 காலத்திற்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்களும், தமிழ்நாட்டில் 54 தாய்மார்களும் உயிரிழந்தனர். இந்த 54-ஐயும் குறைப்பதில் குடும்பத்தினருக்கும் பங்கு உண்டு.

• கருவுற்றது தெரிந்தவுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யவும். இரத்த அழுத்தம், இரத்தச்சோகை ஆகியவற்றிற்கான பரிசோதனைகளைத் தவறவிட வேண்டாம்.
• கடும் தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கைகளிலும் வீக்கம், வலிப்பு, இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை ஆபத்து அறிகுறிகள். உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.
• உயர் மருத்துவமனைக்குச் செல்லுமாறு மருத்துவர் பரிந்துரைத்தால், வீட்டுப் பெரியவர்களின் வருகைக்காகவோ நல்ல நேரத்திற்காகவோ காத்திராமல் உடனே செல்லவும்.
• ஆண் மருத்துவர் என்பதற்காக அவசர வேளையில் சிகிச்சையை மறுக்க வேண்டாம். பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

உடல்நலம் குறித்த ஐயங்களுக்குக் கட்டணமில்லா 104 எண்ணை அழைக்கலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காக அளிக்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.